மலையகத்து மேடைகள்ல குடும்பத்தப் பத்தி பேசுறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

கோயில் பரிபாலன சபை தலைவர்மாருக்கும், பாடசாலை அதிபர்மாருக்கும், தொழிற்சங்க ஐயாமாருக்கும் வணக்கம்.

இலங்கை மலையகத்துல, எங்க தேயிலத் தோட்டங்கள் பக்கம் வருசம் பூரா ஏதாவது ஒரு மேடை இருக்கும். மாசியில காமன் கூத்து, அப்புறம் தேர்த் திருவிழா, மே தினம், வாணி விழா, பரிசளிப்பு விழா. அதுல யாராவது ஒருத்தர் மைக்க புடிச்சு "முந்தி மாதிரி குடும்பம் இல்ல, பண்பாடு கெட்டுப்போச்சு, தாய்மார் புள்ளைகள விட்டுட்டு அரபு நாட்டுக்குப் போறதால தான் புள்ளைக தறுதலையா திரியுது"ன்னு பேசாம கீழ இறங்குறது இல்ல. சின்ன வயசுல பாய்ல உக்காந்து இத கேட்டேன், இப்போ டீச்சரா பின்னால நின்னு கேக்குறேன். கடைசியா கேட்டப்போ எனக்கு முன்னால ஆறாம் வகுப்புப் பையன் ஒருத்தன் உக்காந்திருந்தான், அவனோட அம்மா குவைத்ல இருக்காங்க, அந்த வார்த்த மைக்ல வந்த உடனே சுத்தி இருந்த புள்ளைக எல்லாம் திரும்பி அவனத் தான் பாத்துச்சுக. அவன் தலைய குனிஞ்சுக்கிட்டான். உங்கள்ல யார் பேசுனதுன்னு இங்க எழுத மாட்டேன், ஏன்னா அது ஒருத்தரோட பேச்சு இல்ல, எல்லாரும் பேசுறது தான்.

முதல்ல ஒன்னு சொல்லிடுறேன். குடும்பம் தான் மனுசன உருவாக்குது, ஒரு சமூகத்தோட பண்பாடு குடும்பத்துல தான் தங்கியிருக்குன்னு நீங்க சொல்றது நூத்துக்கு நூறு உண்மை. மலையகத்துல பொறந்த யாருக்கும் இத புதுசா சொல்லிக்கொடுக்கத் தேவையில்ல. நம்ம பாட்டன் பூட்டன் 1820கள்லருந்து தமிழ்நாட்டுல பஞ்சத்துக்கும் பட்டினிக்கும் தப்பி வந்து மன்னார் கரையில இறங்கி, காட்டு வழியா மாத்தளைக்கு நடந்தே வந்தாங்க, வழியில காலராவுலயும் காய்ச்சல்லயும் செத்தவங்க எத்தன பேர்னு கணக்கு கூட இல்ல. அந்தப் பாதையில தான் 2023ல 200 வருச நினைவா தலைமன்னார்லருந்து மாத்தளை வரைக்கும் நடந்தாங்க. வந்தவங்க கையில காணி இல்ல, பள்ளிக்கூடம் இல்ல, நூலகம் இல்ல. அப்புறம் 1948ல குடியுரிமையும் போச்சு, கிட்டத்தட்ட ஏழு லட்சம் பேர் ஒரு சட்டத்துல எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவங்களா ஆனாங்க. எந்த நாட்டோட ஆளுன்னு கேட்டா காட்டுறதுக்கு ஒரு தாள் கூட இல்லாத அந்த வருசங்கள்ல நம்மள மனுசங்களா வச்சிருந்தது குடும்பம் மட்டும் தான். தமிழ் எப்படி பிழைச்சுச்சு? அப்பாயியும் அம்மாயியும் பேசுனதால. காமன் கூத்து எப்படி பிழைச்சுச்சு? ரதி மதன் வேசம் கட்டுனவரு தன் மகனையும் மருமகனையும் பக்கத்துல நிறுத்தி அடவு சொல்லிக்கொடுத்ததால. எந்த அரசாங்கமும் எந்தத் தொரையும் இத செய்யல.

அப்பேர்ப்பட்ட குடும்பத்த உடைச்சது யாரு? 1964 ஒக்டோபர்ல இந்தியா, இலங்கை ரெண்டு நாட்டுப் பிரதமரும் உக்காந்து நம்மள பங்கு பிரிச்சாங்க, அஞ்சேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூணு லட்சம் பேர் இங்கேன்னு. மீதி ஒன்றர லட்சத்த பத்து வருசம் கழிச்சு 1974ல பாதி பாதியா பிரிச்சாங்க. நம்ம கிட்ட ஒரு வார்த்த கேக்கல. அண்ணன் ஒரு நாட்டுக்கு தம்பி ஒரு நாட்டுக்கு, கட்டிக்கொடுத்த மக இங்க பெத்தவங்க அங்கன்னு ஆச்சு. இந்தியாவுக்குப் போறவங்கள ஏத்திக்கிட்டு கோச்சி (ரயிலு) தலைமன்னாருக்குப் போறப்போ ஸ்டேசன் பூரா கட்டிப்புடிச்சு அழுததால அதுக்கு ஒப்பாரிக் கோச்சின்னே பேரு வந்துச்சு. என் அம்மாயியோட தங்கச்சி குடும்பம் அப்படித்தான் நீலகிரிப் பக்கம் போனாங்க, அதுக்கப்புறம் அம்மாயி அவங்கள பாக்கவே இல்ல, ஆனா சாகுற வரைக்கும் தீபாவளிக்கு அந்தத் தங்கச்சி பேருக்கும் சேத்து ஒரு எலையில பலகாரம் வச்சாங்க. எங்க வீட்டுப் புள்ளைக எல்லாத்துக்கும் கூடலூர்ல நமக்கு சொந்தம் இருக்குன்னு தெரியும், மூஞ்சியே பாக்காத சித்தி புள்ளைக பேரு தெரியும், அந்த எல போட்டதால தெரியும். யாரும் எங்கள உக்காத்தி வச்சு பண்பாடு பாடம் எடுக்கல.

புள்ளைக நாம சொல்றத கேட்டு வளருறது இல்ல, நாம செய்யறத பாத்து தான் வளருது. இத நான் வகுப்புல தினமும் பாக்குறேன்.

லயத்துல, அதான் தோட்டத்து வரிச வீடுகள்ல, ஒரு சாவு விழுந்தா என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும். அடுத்த காம்பராக்காரங்க (பக்கத்து அறைக்காரங்க) அடுப்புல தேத்தண்ணி கொதிக்கும், செத்தவங்க வீட்டு அடுப்பு எரியக் கூடாது, மூணு நாளைக்கு சோறு அக்கம்பக்கத்துல இருந்து தான் வரும், ஒரு சட்டியில பருப்பு ஒரு சட்டியில கெழங்குன்னு ஆளுக்கொன்னா. ரெண்டு வருசமா பேச்சுவார்த்த இல்லாத வீட்டுக்காரங்க கூட வந்து மரம் வெட்டுவாங்க. ஒரு எட்டு வயசுப் புள்ள இத நாலு தடவ பாத்துருச்சுன்னா போதும், அது எந்த ஊருக்குப் போனாலும் துக்க வீட்டுல சும்மா நிக்காது. எங்க பாடசாலையில ஒரு புள்ளையோட அப்பா தவறுனப்போ, நான் சொல்லாமலே அதோட வகுப்புப் புள்ளைக கொப்பியில விட்டுப்போன பாடத்த எல்லாம் மாறி மாறி எழுதி வச்சிருந்துச்சுக. எங்கருந்து கத்துக்கிட்டுச்சுகன்னு எனக்குத் தெரியும்.

இப்போ அந்தக் குவைத் அம்மாவுக்கு வாறேன். அவங்க வீட்டுக்கு ஒரு நாள் சாயந்தரம் போயிருந்தேன், பையனோட மார்க்ஸ் விசயமா. ஏழு மணி இருக்கும், போன்ல ஐஎம்ஓ வீடியோ கோல் வந்துச்சு. பையன் கொப்பிய எடுத்துட்டு வந்து போனுக்கு முன்னால புடிச்சான், லைட் பத்தல, அப்பாயி பின்னால நின்னு டோர்ச் அடிச்சாங்க. அந்தம்மா அங்கருந்து பக்கம் பக்கமா பாத்தாங்க, ஒரு எடத்துல நிறுத்தி "இந்த எழுத்து என்னடா இப்படி கோணிக்கிட்டு இருக்கு, அழிச்சிட்டு திருப்பி எழுது"ன்னாங்க, அவன் எழுதி முடிக்கிற வரைக்கும் காத்திருந்தாங்க. அப்புறம் அப்பாயிகிட்ட மாத்திர போட்டீங்களா அத்தைன்னு கேட்டாங்க. பின்னால அந்த வீட்டுப் புள்ளைக சத்தம் போட்டுச்சு, மேடம் கூப்பிடுறாங்கன்னு வச்சிட்டாங்க. தெனமும் இது நடக்குதாம், ரீலோட் போட காசில்லாத நாள் தவிர. இந்தத் தாய் குடும்பப் பண்ப விட்டுட்டுப் போனவங்கன்னு நீங்க மைக்ல சொல்றீங்க. நாலாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால இருந்து மாமியாரோட மாத்திரைய ஞாபகம் வச்சிருக்காங்க ஐயா அவங்க.

அதே வீட்டுல அந்தப் பையனோட அப்பா இருக்காரு. அவர் அன்னிக்கு அங்க இல்ல. எங்கன்னு கேட்டேன், அப்பாயி பதில் சொல்லல. அந்த அப்பாவப் பத்தி எந்த மேடையிலயும் ஒரு வார்த்த கூட நான் கேட்டது இல்ல, இந்த மடல எழுத வச்சதே அது தான்.

நீங்க மட்டும் இல்ல, அரசாங்கமும் அப்படித்தான் யோசிச்சுது. 2013ல குடும்பப் பின்னணி அறிக்கைன்னு ஒன்னு கொண்டுவந்தாங்க. வீட்டு வேலைக்கு வெளிநாடு போகணும்னா, அஞ்சு வயசுக்குக் குறைஞ்ச புள்ள இருக்குற தாய் போகவே முடியாது, அதுக்கு மேல இருந்தா புள்ளைய யார் பாத்துக்குவாங்கன்னு எழுதிக்காட்டி கையெழுத்து வாங்கணும். 2022ல நாடே கடன்ல மூழ்கி டொலர் தேவப்பட்டப்போ அந்த அஞ்சு வயச ரெண்டு வயசா குறைச்சாங்க. இதுல கவனிக்க வேண்டியது, இந்த அறிக்கை பொம்பளைங்களுக்கு மட்டும் தான். புள்ள பொறந்து ஒரு வாரத்துல கட்டாருக்குப் போற அப்பாகிட்ட உன் குடும்பப் பின்னணி என்ன, புள்ளைய யார் பாத்துக்குவாங்கன்னு ஒரு ஒபிசும் கேக்காது. கொழும்பு கடையில வேலைக்குப் போயி தீபாவளிக்கு மட்டும் வாற அப்பாவயும் கேக்காது. புள்ளைக்கு சின்ன வயசுல பெத்தவங்க பக்கத்துல இருக்கணும்னு நானும் ஒத்துக்கிறேன், ஆனா பெத்தவங்கன்னா ரெண்டு பேர் இல்லையா. சட்டத்தால அடைச்சதால யாரும் போகாம இருக்கல, சப் ஏஜென்ட்கிட்ட காசு குடுத்து விசிட் விசாவுல போயி, பதிவும் இல்லாம காப்புறுதியும் இல்லாம மாட்டிக்கிட்டவங்க நம்ம பக்கமே இருக்காங்க.

அவங்க ஏன் போறாங்கன்னு கேளுங்க. நாள் சம்பளம் ஆயிரம் ரூபா ஆகுறதுக்கே பல வருசம் ரோட்டுல உக்காந்து, கறுப்புச் சட்ட போட்டு, 2021ல தான் கெடச்சுது. 2024ல அடிப்படைச் சம்பளம் 1350 ஆச்சு. இடையில 2022 நெருக்கடி வந்து கோதம்ப மாவு, மண்ணெண்ண, பால்மா எல்லாம் வாய்விட்டு கேக்க முடியாத விலைக்குப் போச்சு, நம்ம சனம் மூணு வேளையும் ரொட்டிய நம்பி இருக்குற சனம். தோட்டத்துக்குத் தோட்டம் பதினெட்டு கிலோ இருவது கிலோன்னு கொழுந்து எடுத்தா தான் முழுப் பேரு (முழு நாள் சம்பளம்), இல்லாட்டி அரப் பேரு. மழ பெஞ்சா, வறட்சி வந்தா, வேலையே மாசத்துல பாதி நாள் தான். அந்தக் கணக்குல உயர்தர வகுப்பு ஏ.எல் படிக்கிற மகளுக்கு டியூசன் காசு எங்கருந்து வரும். நீங்க மேடையில பாராட்டி மால போட்ட, கம்பஸ் (பல்கலைக்கழகம்) போன புள்ளைகள்ல எத்தன பேரோட பஸ் காசும் புத்தகமும் அரபு நாட்டுல இருந்து வந்துச்சுன்னு ஒரு தடவ விசாரிச்சுப் பாருங்க.

வீட்டப் பத்தியும் சொல்லணும். பத்தடிக்கு பன்னண்டு அடி காம்பரா, முன்னால திண்ண மாதிரி ஒரு இஸ்தோப்பு, வெள்ளக்காரன் காலத்துல கட்டுன சுவரு. அதுக்குள்ள தாத்தா பாட்டி, மகன் மருமக, வயசுக்கு வந்த புள்ள ஒன்னு, தொட்டில்ல ஒன்னு. புதுசா கல்யாணம் ஆனவங்களுக்கு சேலையில தான் மறைப்பு. ஒழுக்கம், மரியாதை, கூச்சம் இதெல்லாம் வளரணும்னா அதுக்கு ஒரு கதவு வேணும் ஐயா, புள்ள உக்காந்து படிக்க ஒரு மூல வேணும். மண் சரியும்னு எச்சரிக்கை வந்தும் போக எடம் இல்லாம இருந்ததால தானே 2014 ஒக்டோபர்ல கொஸ்லந்தை மீரியபெத்தையில லயத்தோட சேந்து குடும்பம் குடும்பமா மண்ணுக்குள்ள போனாங்க. என்னோட மாணவி ஒருத்தியோட குடும்பம் லயத்த விட்டு தனி வீட்டுக்குப் போனாங்க, கொஞ்ச நாள்லயே அவ அப்பாகிட்ட ஒரு மாற்றம். வாசல்ல போஞ்சியும் லீக்சும் போட்டாரு, சாயந்தரம் சாராயத் தவறணைப் பக்கம் போறது குறைஞ்சு தண்ணி ஊத்த வீட்டுக்கு வந்தாரு, அவ மேச போட்டு படிக்கிற எடத்துல பக்கத்துல உக்காந்து குறடு வச்சு வேலிக்கு கம்பி வெட்டுனாருன்னு அவளே பெருமையா வந்து சொன்னா. தன்னோடதுன்னு ஒரு துண்டு நெலம் இருந்ததும் அந்த மனுசனுக்கு வீட்டுல நிக்கணும்னு தோணியிருக்கு. பத்து பேச்சாளர் வந்தாலும் இத செய்ய முடியாது.

அப்பாமார் எல்லாரும் மோசம்னு நான் சொல்ல வரல. எங்க தோட்டத்துல ஒருத்தர் இருக்காரு, சம்சாரம் சவுதியில, காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சு ரொட்டி சுட்டு, தேங்கா சம்பல் இடிச்சு, ரெண்டு மகளுக்கும் தல பின்னி ரிப்பன் கட்டி அனுப்பிட்டு தான் மலைக்கு தேயிலச் செடி கவ்வாத்து வெட்டப் போவாரு. ஆரம்பத்துல பின்னல் கோணல் மாணலா இருக்கும், இப்போ என்னை விட நல்லா பின்னுறாரு. ஆனா அவர லயத்துல என்னென்ன பேர் சொல்லி கேலி பண்ணாங்கன்னு எனக்குத் தெரியும், "பொம்பள வேல"ன்னு. அந்த மனுசன கோயில் மேடையில ஏத்தி பொன்னாட போத்துனீங்களா? அவர் தானே நீங்க பேசுற குடும்பப் பண்ப கையால செஞ்சு காட்டுறவரு. அந்த ரெண்டு புள்ளையும் நாளைக்கு எப்படிப்பட்ட மாப்பிள்ளைய எதிர்பாக்கும், அத பாத்து வளர்ற பக்கத்து வீட்டுப் பையன் எப்படிப்பட்ட அப்பாவா ஆவான்னு யோசிச்சுப் பாருங்க.

எதிர்ப்பக்கமும் அதே கணக்கு தான். பத்தாம் திகதி சம்பளத்தன்னிக்கு பொண்டாட்டி பேருக்கு வந்த சம்பளத்தயும் புருசன் போயி வாங்கிட்டு வர்ற பழக்கம் நம்ம தோட்டங்கள்ல எத்தன தலமொறையா இருந்துச்சு. 1984ல தான் ஆணுக்கும் பொண்ணுக்கும் சம சம்பளமே வந்துச்சு, அது வரைக்கும் அதே மலையில அதே மழையில நனைஞ்சவளுக்கு குறைஞ்ச சம்பளம். விடிய நாலு மணிக்கு எந்திரிச்சு சமைச்சு, புள்ள மடுவத்துல கைக்குழந்தைய விட்டுட்டு, கூடைய சொமந்து, அந்திக்கு வந்து திருப்பி அடுப்பு ஊதுற அம்மாவ பாத்து வளர்ற மகனும், இஸ்தோப்புல உக்காந்து தேத்தண்ணி கேக்குற அப்பாவ பாத்து வளர்ற மகனும் ஒரே பையன் தான். அவன் எது சரின்னு எடுத்துக்குவான்? அவனுக்கு நாம எத பெருமைன்னு காட்டுறோமோ அத.

இன்னொன்னும் மனசுல பட்டத சொல்லிடுறேன். பழைய குடும்பப் பழக்கம் எல்லாமே காப்பாத்த வேண்டியது இல்ல. சாதி பாத்து தம்பி தங்கச்சிய வீட்ட விட்டு ஒதுக்குறது, பதினோராம் வகுப்பு ஓ.எல் முடிஞ்ச உடனே பொம்பளப் புள்ளைய நிப்பாட்டுறது, குடிச்சிட்டு அடிச்சா குடும்ப மானத்துக்காக வாய மூடிக்கிட்டு இருன்னு சொல்றது, இதெல்லாமும் நம்ம வீடுகள்ல தான் கத்துக் கொடுக்குறாங்க. பண்பாடுன்னு சொல்லி இதையும் சேத்து தூக்கிப் புடிக்காதீங்க. துக்க வீட்டுக்குப் போற கால், தூர தேசத்துத் தங்கச்சிக்கு போட்ட எல, இது நம்மளோடது. அடிய பொறுத்துக்கன்னு சொல்றது நம்மளோடதா இருக்க வேண்டாம்.

நான் கேக்குறது பெரிசா ஒன்னும் இல்ல. கோயில் சபைக்காரங்க அடுத்த திருவிழாவுக்கு பேச்சாளர கூப்பிடுறப்போ, இந்தத் தடவ அப்பாமாருக்குப் பேசுங்கன்னு சொல்லிக் கூப்பிடுங்க, புள்ளையோட கொப்பிய கடைசியா எப்போ பாத்தீங்கன்னு மேடையில நின்னு கேளுங்க, சபையில ரெண்டு மூணு பொம்பளைங்களயும் பொறுப்புல போடுங்க, திருவிழாக் கணக்க விட சிக்கலான வீட்டுக் கணக்க பாக்குறவங்க அவங்க. அதிபர்மாரே, பெற்றார் கூட்டத்துக்கு அம்மா இல்லாட்டி அப்பாயின்னு தான் நாம கடிதம் அனுப்புறோம், அப்பாவுக்குன்னு பேர் எழுதி ஒரு கடிதம் போகட்டும், ஞாயித்துக்கிழம வச்சா வேலன்னு சாக்கு சொல்ல முடியாது. வெளிநாட்டுல இருக்குற தாய்மாருக்கு வட்ஸ்அப்ல ஒரு குரூப் போட்டு மார்க்ஸையும் வகுப்பு விசயத்தையும் அனுப்புங்க, என் வகுப்புக்கு நான் செய்யறேன், ராத்திரி பதினொரு மணிக்கு வேல முடிஞ்சு பதில் போடுறாங்க அவங்க, ஒருத்தர் கூட பாக்காம விட்டது இல்ல.

தொழிற்சங்க ஐயாமாரே, உங்க சந்தா பொம்பளைங்க சம்பளத்துலயும் தான் மாசாமாசம் வெட்டுறாங்க. கொழுந்துக் கூடை அவங்க முதுகுல தான் இருக்கு. அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தையில காணியும் வீடும் சேத்துப் பேசுங்க, வீட்டு உறுதியில புருசன் பொண்டாட்டி ரெண்டு பேர் பேரும் இருக்கணும்னு கேளுங்க. புள்ள மடுவத்துக்கு பயிற்சி எடுத்த ஆள் வேணும்னு கேளுங்க. தோட்டத்துலயே கௌரவமா பொழைக்க முடிஞ்சா எந்தத் தாயும் ரெண்டு வயசுப் புள்ளைய தூங்க வச்சிட்டு விடியக்காலம் பஸ் ஏற மாட்டா.

அது வரைக்கும், போயிருக்குற தாய்மாரோட புள்ளைக உங்க முன்னால உக்காந்திருக்குன்னு ஞாபகம் வச்சுப் பேசுங்க. பரிசளிப்பு விழா அடுத்த தவணையில வருது, என் வகுப்புல மட்டும் அப்படி ஏழு புள்ளைக இருக்கு, அதுல மூணு பேருக்கு பரிசு இருக்கு. அவங்க பேர வாசிக்கிறப்போ அம்மா பேரையும் சேத்து வாசிக்கச் சொல்லி அதிபர்கிட்ட கேட்டிருக்கேன், உங்க பாடசாலைகள்லயும் கேளுங்க.

இப்படிக்கு,
மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை டீச்சர் ஒருத்தி